ராத்தங்கல்: சென்னை முதல் குமரி வரை கடலோரமாக ஒரு கூடாரப் பிரயாணம்

நெடும் பிரயாணத்துக்குத் திட்டம் வகுப்பவர்கள் பெரும்பாலும் தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் எத்தனை கிலோமீட்டர், அதை எத்தனை மணியில் கடக்கலாம் என்ற கணக்கிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ரயிலில் போகிறவர்களுக்கும் காரில் போகிறவர்களுக்கும் அந்தக் கணக்குப் போதும். மோட்டார் சைக்கிளில் கூடாரத்தையும் அடுப்பையும் கட்டிக்கொண்டு, போகிற இடத்தில் வெட்டவெளியில் படுத்து எழுந்து, மறுநாள் மேலே செல்லும் உத்தேசத்தோடு புறப்படுகிறவர்களோ முதலில் தீர்மானிக்க வேண்டியது அன்றைய இரவை எங்கே கழிப்பது என்பதைத்தான். அது நிச்சயமாகிவிட்டால் காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது, நடுவில் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்பது, எங்கே பெட்ரோல் போடுவது, எங்கே தண்ணீர் பிடிப்பது என்பவையெல்லாம் தாமாகவே வரிசைப்பட்டுவிடும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இதை ஒரு மார்க்கத்தையே எடுத்துக்கொண்டு விஸ்தாரமாகச் சொல்வது உசிதம். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குத் திருச்சி, மதுரை வழியாகச் செல்லும் நான்குவழிச் சாலையில் விடியுமுன் புறப்பட்டால் அன்று இரவுக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். போய்ச் சேர்ந்தோம் என்பதற்கு மேல் அதில் லாபம் ஒன்றும் இல்லை. கடலை இடப்புறத்தில் வைத்துக்கொண்டு, மாமல்லபுரம், புதுச்சேரி, சிதம்பரம், தரங்கம்பாடி, நாகப்பட்டினம், வேதாரண்யம், அதிராம்பட்டினம், தொண்டி, இராமநாதபுரம், தூத்துக்குடி, திருச்செந்தூர் என்று கரையோரமாகவே இறங்கிச் செல்லும் வழி தோராயமாக 800 கிலோமீட்டர். கோடிக்கரைக்கும் இராமேஸ்வரத்துக்கும் விலகிப் போய்த் திரும்புவதையும் சேர்த்தால் இன்னும் நீளும். பல்லவரும் சோழரும் பாண்டியரும், பிறகு போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் டேனியரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் கடலைப் பார்த்து நின்ற கரை இது. இரண்டு சக்கரத்தில் மெதுவாகப் போகிறவருக்கு அவர்கள் விட்டுச் சென்றவை ஒவ்வொன்றாகக் கண்ணில் படும்.

இந்த வழியின் ஒரு பெரும்பகுதி வாகனங்கள் தோன்றுவதற்கு எவ்வளவோ காலம் முன்பே, காசியிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் சேதுவுக்கு நடந்து வந்த யாத்திரிகர்களுடைய கால்களால் பண்பட்டது. அவர்களுக்காகத் தஞ்சை மராட்டிய மன்னர்களும் இராமநாதபுரம் சேதுபதிகளும் வழிநெடுகச் சத்திரங்களைக் கட்டி, அவற்றுக்குக் கிராமங்களை மானியமாக விட்டார்கள். ஒரத்தநாட்டிலும் இராசாமடத்திலும் மீமிசலிலும் அத்தகைய சத்திரங்கள் இருந்தன. 1801-இல், சத்திரங்களின் நிர்வாகம் தம் கையை விட்டுப் போய்விடலாகாதே என்ற கவலையோடு இரண்டாம் சரபோஜி மன்னர் தஞ்சையிலிருந்த ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தைப் படிக்கிறவர்களுக்கு மனம் நெகிழாமல் இராது. எந்த ஜாதியினராயினும் வந்தவர்க்கெல்லாம் அன்னம் இடுவதையும், நோயாளிகளுக்கும் பாம்பு கடித்தவர்களுக்கும் வைத்தியர்களை வைத்திருப்பதையும், கைக்குழந்தைகளுக்குப் பால் கொடுப்பதையும், வழியிலே உயிர் நீத்தவர்களுக்கு அவரவர் ஆசாரப்படி கிரியை நடத்துவதையும் அவர் அதில் விவரித்திருக்கிறார். நள்ளிரவில் மணி அடித்து, அதுவரை சோறு கிடைக்காதவர் எவரேனும் உண்டானால் வந்து உண்ணலாம் என்று அழைப்பது அங்கே வழக்கமாம். அந்தச் சத்திரங்களை நிறுவியவர்கள் பாதையை அளந்த கோல், குழந்தையைச் சுமந்துகொண்டு களைத்து நடக்கிற ஒருவர் இருட்டுவதற்குள் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதுதான். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு மோட்டார் சைக்கிளில் அதே திசையில் செல்லும் நமக்கும் அதைவிடச் சிறந்த அளவுகோல் கிடைக்குமென்று நான் நினைக்கவில்லை.

நாளொன்றுக்கு 120 அல்லது 130 கிலோமீட்டருக்கு மேல் வைத்துக்கொள்ளாமலிருப்பது நலம். இவ்வளவு குறைவா என்று கேட்பவர்கள், கூடாரம் அடிப்பதற்கும் பிரிப்பதற்கும் சமைப்பதற்கும் காலையிலும் மாலையிலுமாக நான்கு மணி நேரம் போய்விடும் என்பதையும், இடம் கேட்டு அனுமதி பெறுவதைச் சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிட வேண்டும் என்பதையும் யோசித்துப் பார்க்க வேண்டும். இருட்டிய பிறகு அறியாத ஊருக்குள் நுழைந்து படுக்க இடம் தேடுகிறவரை எந்த ஊரும் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கும். அதில் ஊரார் மேல் குற்றம் இல்லை.

பருவமும் மூட்டையும்

பருவத்தைப் பொறுத்தமட்டில் இரண்டு அபிப்பிராயத்துக்கு இடமில்லை. அக்டோபர் மத்தியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் இந்தக் கரையை ஆள்கின்றன. 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறிய கஜா புயல், தலைமுறைகளாக வளர்த்த தென்னந்தோப்புகளை ஒரே இரவில் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. அந்தக் காட்சியைக் கண்டவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் கடலோரத்தில் கூடாரம் போட நினைக்க மாட்டார்கள். சித்திரை பிறந்துவிட்டால் வெயில் பொறுக்க முடியாது. ஆனியிலிருந்து ஆவணி வரை தூத்துக்குடிக்குத் தெற்கே கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கும். ஆகவே தைப் பொங்கல் கழிந்த பிறகு மாசி முடிவதற்குள் இந்தப் பிரயாணத்தை நடத்திவிட வேண்டும். அப்போது வீசுவது வாடை. பரதவர்களுக்கு வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றின் திசைக்கேற்றபடி தனித்தனிப் பெயர்கள் உண்டு. கூடாரத்தை எந்தப் பக்கமாக முகம் வைத்து அடிப்பது என்று கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் ஒரு பெரியவரைக் கேட்டால், அவர் வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, இரவில் காற்று எப்படித் திரும்பும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவார். தை மாதத்துப் பனி கடலோரத்தில் கனமாக இறங்கும். குளிருக்குப் பயந்து கூடாரத்தின் காற்றுவழிகளை அடைத்துக்கொண்டு படுத்தால், நம்முடைய மூச்சே உள்துணியில் நீராய்க் கோத்து விடியற்காலையில் மேலே சொட்டத் தொடங்கும்; திறந்து வைத்துவிட்டு ஒரு போர்வையைக் கூடுதலாக எடுத்துப் போவதே சரி.

வண்டி எதுவானாலும் பாதகமில்லை. 1950-களின் நடுவில் திருவொற்றியூரில் உற்பத்தியாகத் தொடங்கிய புல்லட் இதே கடற்கரையில் பிறந்தது என்பதால் அதன்மேல் எனக்குத் தனி அபிமானம் உண்டு. ஆனாலும் நல்ல நிலையில் உள்ள 125 சி.சி. வண்டியும் இந்தச் சமதளப் பாதைக்குத் தாராளமாகப் போதும். பாரத்தை எப்படி ஏற்றுகிறோம் என்பதுதான் முக்கியம். கூடாரத்தின் கம்பி, அடுப்பு, தண்ணீர், கருவிகள் ஆகிய கனமான பொருள்கள் இருபுறமும் தொங்கும் பைகளின் அடியில், இயன்றவரை முன்னோக்கி இருக்க வேண்டும். படுக்கையும் துணியும் மேலே பின்னிருக்கையில் இருக்கலாம். இதை மாற்றி, கனத்தைப் பின்னால் உயரத்தில் கட்டிவிட்டால் முன்சக்கரம் தரையில் அழுந்தாமல், மணல் படிந்த வளைவுகளில் கைப்பிடி நம் சொற்படி கேட்காது. டயரின் காற்றை, பாரம் ஏற்றும்போது வைக்கச் சொல்லித் தயாரிப்பாளர் வண்டியிலேயே குறித்திருக்கும் அளவுக்கு, காலையில் சக்கரம் சூடேறுமுன் சரிபார்த்துவிட வேண்டும்.

உப்புக்காற்று சங்கிலியின் ஜன்ம விரோதி. ஒவ்வொரு மாலையும் பழந்துணியால் அதைத் துடைத்து எண்ணெய் விடுவதற்குச் சோம்பல்பட்டால் பாதி வழியிலேயே செந்துரு பூத்துவிடும். சாய்ப்புத் தாங்கியின் காலடியில் வைக்க உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகைத்துண்டு இல்லாவிட்டால், நிறுத்திய வண்டி இரவில் மணலுக்குள் மெல்ல இறங்கி விழுந்து கிடக்கும். கூடாரத்தின் இரும்பு முளைகளும் கடல்மணலில் நிற்பதில்லை. சிறு துணிப்பைகளில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, ஒரு முழ ஆழத்தில் புதைத்து மிதித்துவிட்டால் வாடை எவ்வளவு இழுத்தாலும் அசையாது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பஞ்சர் ஒட்டும் சாமான்களை மறக்கலாகாது. இராமநாதபுரம் சீமையில் சாலையின் இருமருங்கும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேல முள், தடித்த டயரையும் துளைக்கும் வல்லமை உடையது. நிழல் இருக்கிறதே என்று அந்த மரத்தடியில் வண்டியை ஒதுக்குவது கூடவே கூடாது.

அனுமதி கேட்பது

கடற்கரை பொதுச்சொத்துத்தானே, யாரைக் கேட்க வேண்டும் என்று சில வாலிபர்கள் வாதிக்கிறார்கள். 2008-இல் பம்பாயில் கடல்வழியாக வந்தவர்கள் நடத்திய படுகொலைக்குப் பிறகு இந்தக் கரை முழுவதும் கடலோரக் காவலர்களின் ரோந்து பலமடங்கு அதிகரித்திருக்கிறது. அதிலும் இலங்கைக்கு அருகிலுள்ள பாக் நீரிணைப் பகுதியில், நடுராத்திரியில் கரையில் தெரியும் ஒவ்வொரு வெளிச்சமும் அவர்களுக்குக் கேள்விக்குரியது. அடையாளச் சீட்டும் வண்டியின் பத்திரங்களும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பதோடு, பொழுதோடு அருகிலுள்ள காவல் நிலையத்தில் தகவல் சொல்லிவிடுவதும் அவசியம். மீனவர் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்தாரின் சொல்லுக்கு அரசாங்க உத்தரவுக்கு இணையான மதிப்பு உண்டு. "ஐயா, ஒரு ராத்திரி மட்டும் இங்கே தங்கிக்கொள்ளலாமா?" என்று தலைவரிடம் போய்க் கேட்ட மாத்திரத்தில், அந்நியர் என்ற நிலை மாறி அந்த ஊரின் விருந்தாளியாகிவிடுகிறோம். "தம்பி, அந்தப் பக்கம் வேண்டாம், விடிகாலையில் படகு இறக்குவோம், கோயில் பக்கமாகப் போட்டுக்கொள்" என்று அவர்களே இடம் காட்டுவார்கள். குடிதண்ணீர்க் குழாய் எங்கே, கழிப்பிடம் எங்கே, எந்த வீட்டில் சொன்னால் மீன்குழம்பு கிடைக்கும் என்பதெல்லாம் அதன்பின் கேளாமலே வந்து சேரும். பெண்கள் தனியாகவோ கூட்டாகவோ வந்தால், தம் வீட்டுத் திண்ணையை ஒட்டியே கூடாரம் அடித்துக்கொள்ளும்படி அம்மாமார் வற்புறுத்துவார்கள்; அந்த வற்புறுத்தலுக்கு இணங்குவதே மரியாதையும் விவேகமும் ஆகும்.

கரைவலை இழுக்கும் பாதையிலும், படகுகளுக்கும் அலைக்கும் இடைப்பட்ட மணலிலும் கூடாரம் போடலாகாது. தென்னந்தோப்பில் உரிமையாளர் இடம் கொடுத்தாலும் மரத்தின் நேர் அடியை விட்டு விலகியே படுக்க வேண்டும். நெற்றும் காய்ந்த மட்டையும் இரவில் சொல்லிக்கொண்டு விழுவதில்லை. நாம் புறப்படச் சொன்ன இதே தை, மாசி மாதங்களில்தான் பங்குனி ஆமைகள் முட்டையிடுவதற்காக இரவில் கரையேறுகின்றன. வெளிச்சத்தைக் கண்டால் அவை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும்; குஞ்சுகளோ வெளிச்சத்தையே கடலின் பளபளப்பென்று எண்ணி ஊர்ப்பக்கமாக நகர்ந்து மடிந்துவிடும். ஆகையால் அலையோரத்தை அவற்றுக்கு விட்டுவிட்டு, நாம் மேட்டில் ஒதுங்கி, விளக்கை அணைத்துவிடுவது கடமை. கரையில் தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்து பாடுவதைச் சினிமாக்கள் அழகாகக் காட்டலாம். அந்த அழகுக்கு ஒரு ஜீவராசி கொடுக்கும் விலையை அறிந்தவர்கள் அதைச் செய்யத் துணிய மாட்டார்கள்.

நிற்க வேண்டிய இடங்கள்

மாமல்லபுரத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? அதைத் தாண்டிக் கல்பாக்கத்துக்கு அருகே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கட்டிய கோட்டையையும், அவர்களுடைய சமாதிக் கற்களில் வெட்டியிருக்கும் நுட்பமான சிற்ப வேலையையும் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, முதல் இரவுக்குக் கடப்பாக்கத்தை அடைவது பொருத்தம். அங்கே கழிமுகத்தை ஒட்டி இடிந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டை 1750-இல் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் கைக்கு வந்து, பத்தே ஆண்டுகளில் 1760-இல் ஆங்கிலேயரால் கைப்பற்றப்பட்டுத் தகர்க்கப்பட்டது. மாலை வெயிலில் அதன் செங்கல் மதில்களின்மேல் நின்றால் உப்பங்கழியும் அதற்கப்பால் மணல்திட்டும் அதற்கப்பால் கடலும் ஒரே பார்வையில் அகப்படும். கோட்டைக்குள் தங்குவது கூடாது. ஊருக்குள் இடம் கேட்டுக்கொள்ளலாம்.

மறுநாள் மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து புதுச்சேரியைச் சீக்கிரமாகவே விட்டுவிடலாம். அதன் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து ரோமாபுரியின் மதுச்சாடிகளையும் மட்கலங்களையும் வெளிக்கொணர்ந்த அரிக்கமேடு இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது சில செங்கற்சுவர்களே. ஆயினும் சரித்திரத்தில் பற்றுள்ளவர்கள் அந்த மேட்டில் கால் வைக்காமல் போக மாட்டார்கள். சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காட்டுக்குள் படகில் செல்வதற்குக் காலை நேரமே ஏற்றது. சதுப்பு நிலமாகையால் அங்கே கூடாரத்துக்கு வழியில்லை.

தரங்கம்பாடியில் ஒரு முழுப் பகலும் ஓர் இரவும் தங்க வேண்டுமென்று வற்புறுத்திச் சொல்வேன். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் தேசத்தாருக்கு இந்தக் கடற்கரைக் கிராமத்தில் கோட்டை கட்டிக்கொள்ள இசைவளித்தார். அவர்கள் எழுப்பிய டேன்ஸ்போர்க் கோட்டை இன்றும் அலைகளுக்கு எதிரே நிற்கிறது. 1706-இல் இங்கே வந்து இறங்கிய சீகன்பால்க் என்ற ஜெர்மானியப் பாதிரியார், மணலில் விரலால் எழுதிப் பழகும் சிறுவர்களோடு தாமும் உட்கார்ந்து தமிழ் கற்று, அச்சுக்கூடம் நிறுவி, 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். நாம் இன்று கையில் எடுத்துப் படிக்கும் ஒவ்வொரு தமிழ்ப் பத்திரிகையும் அந்த அச்சுக்கூடத்துக்கு ஓரளவு கடன்பட்டிருக்கிறது. அதை நினைத்துக்கொண்டு அந்த ஊரின் தெருக்களில் நடக்கும்போது எனக்கு உண்டாகும் நன்றியுணர்ச்சியை மறைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. கோட்டைக்கு வடக்கே, 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. 1845-இல் டேனியர் இந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன பிறகு வர்த்தகம் நாகப்பட்டினத்துக்கு நகர்ந்துவிட, தரங்கம்பாடி அமைதியாகப் பின்தங்கிப் போனதே அதன் பழைய வீதிகள் பிழைத்திருப்பதற்குக் காரணம்.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி ஆகிய ஊர்களைத் தாண்டி வேதாரண்யத்தை அடையும்போது, தங்குமிடம் என்பதன் அருமையை வேறு எந்த ஊரும் போதிக்க முடியாத விதத்தில் அது போதிக்கும். 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜியின் தலைமையில் ஏறக்குறைய 100 தொண்டர்கள் உப்புச் சத்தியாக்கிரகத்துக்காகத் திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கினார்கள். சுமார் 150 மைல். நாளொன்றுக்குப் பத்து மைல் வீதம் நடந்து 28-ஆம் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொரு நாளும் எந்த ஊரில் படுப்பது, எந்த ஊரில் உண்பது என்பது முன்கூட்டியே நிச்சயிக்கப்பட்டிருந்தது. அதை முறியடிக்க விரும்பிய தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் என்ற வெள்ளைக்காரர், தொண்டர்களுக்குச் சோறு போடுகிறவர்களும் தங்க இடம் கொடுக்கிறவர்களும் தண்டிக்கப்படுவார்கள் என்று உத்தரவிட்டார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? தொண்டர்கள் வரும் வழியிலுள்ள மரக்கிளைகளில் உணவுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு விலகிப் போய்விட்டார்கள். யார் கொடுத்தார்கள் என்று எந்தப் போலீஸ்காரராலும் சொல்ல முடியவில்லை. 30-ஆம் தேதி ராஜாஜி உப்பை அள்ளிக் கைதானார். வழிப்போக்கனுக்கு ஒரு பிடி சோறும் ஓர் இரவு இடமும் கொடுப்பதை எந்தச் சட்டத்துக்காகவும் கைவிட மறுத்த மக்களின் சந்ததியாரிடம்தான் நாமும் கூடாரத்துக்கு இடம் கேட்டு நிற்கிறோம். அகஸ்தியம்பள்ளியில் நினைவுத்தூணைப் பார்த்துவிட்டு, சுற்றிலும் இன்றைக்கும் வெயிலில் நின்று உப்பு வாரும் தொழிலாளர்களோடு சிறிது நேரம் பேசிவிட்டு வர வேண்டும்.

அங்கிருந்து தெற்கே கோடிக்கரை. 1967-இல் வெளிமான்களுக்காகச் சரணாலயமாக்கப்பட்ட இந்தக் காட்டுக்குள் கூடாரம் போடுவது சட்டவிரோதம். வேதாரண்யத்திலேயே படுத்து எழுந்து, வனத்துறையின் சோதனைச் சாவடியில் அனுமதி பெற்று விடியற்காலையில் நுழைந்தால், முறுக்கிய கொம்புகளோடு கலைமான்கள் புல்வெளியில் நிற்பதையும், உப்பங்கழியில் பூநாரைகள் கூட்டமாக இரை தேடுவதையும் காணலாம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல ஆண்டுகளாகப் பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் போக்குவரத்தை ஆராய்ந்துவரும் இடம் இது. வண்டியின் எஞ்சினை நிறுத்திவிட்டு நடந்து போகிறவர்களுக்கே இங்கே காட்சி கிட்டும்.

முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் வழியே மல்லிப்பட்டினத்தை அடுத்து, நெப்போலியனின் வீழ்ச்சியைக் கொண்டாடும் முகமாக 1814-இல் சரபோஜி மன்னர் கட்டிய மனோரா என்ற எட்டடுக்குக் கோபுரம் கடலோரத்தில் தனித்து நிற்கிறது. எதிரே இருக்கும் ஆழமற்ற கடலில், புல் மேய்ந்து வாழும் ஆவுளியா என்ற கடற்பசுவுக்காகத் தமிழக அரசு 2022-இல் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைப் பாதுகாப்பகமாக அறிவித்திருக்கிறது. கரையில் நின்று அந்தப் பிராணியைப் பார்த்துவிடலாம் என்று எதிர்பார்க்க முடியாது. வலையில் அகப்பட்டதை அறுத்து விடுவித்த மீனவர் ஒருவரைச் சந்தித்து அவர் வாயால் கேட்கும் பாக்கியம் கிடைத்தால் அதுவே போதும்.

தொண்டிக்குத் தெற்கே நிலத்தின் சுபாவம் மாறுகிறது. கிணற்றுநீர் உவர்க்கும், மரங்கள் அருகும். ஆளுக்கு ஐந்து லிட்டர் நல்ல தண்ணீராவது வண்டியில் இருந்தாக வேண்டிய பிரதேசம் இதுவே. தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தைத் தரிசித்துவிட்டு, உச்சிப்புளிப் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றில் இராத் தங்கி, மறுநாள் பாம்பன் பாலத்தைக் காலையிலேயே கடப்பது நல்லது. பகல் ஏற ஏறக் குறுக்குக்காற்று வலுத்து, பாரம் ஏற்றிய இருசக்கர வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். பக்கத்தில், 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தைப் பார்க்கலாம். தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு புயல் ஓர் ஊரையே அழித்ததோடு, பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலையும் அதிலிருந்த அத்தனை பேரோடு கடலுக்குள் இழுத்துக்கொண்டது. இடிந்த மாதா கோயிலையும் ரயில் நிலையத்தின் எஞ்சிய சுவர்களையும் கடந்து அரிச்சல்முனை வரை இப்போது தார்ச்சாலை இருக்கிறது. பொழுது சாய்ந்தபின் அங்கே இருக்க அனுமதியில்லை. அது நியாயமான விதி. இறந்தவர்களின் ஊரில் கூடாரம் அடித்துப் பொழுது போக்க யாருக்கு மனம் வரும்?

கீழக்கரை, ஏர்வாடி, வேம்பார் என்று மன்னார் வளைகுடாவை ஒட்டிச் செல்லும் பாதையில் பனைமரங்களே துணை. அப்பால் கடலில் தெரியும் தீவுகள் 1986-இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டவை; படகுக்காரர் அழைத்தாலும் அங்கே தங்கப் போகலாகாது. தூத்துக்குடியைத் தாண்டியதும் கொற்கை என்ற பலகையைக் கண்டு பலர் நிற்காமல் போய்விடுகிறார்கள். பாண்டியரின் முத்துத் துறைமுகமாக உலகம் அறிந்திருந்த ஊர், தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடலை ஆறேழு கிலோமீட்டர் தூரத்துக்குப் பறிகொடுத்துவிட்டு, வாழைத்தோட்டங்களுக்கு நடுவே கிராமமாக இருக்கிறது. அங்கே அரைமணி நேரம் நடந்து பார்ப்பது எந்த அருங்காட்சியகத்திலும் கிடைக்காத அனுபவம்.

திருச்செந்தூருக்குத் தெற்கே உடன்குடியில் கருப்பட்டி வாங்கிக்கொண்டு குதிரைமொழித் தேரிக்குள் செல்லும் சாலையில் போனால், இரும்புச் சத்தால் சிவந்த மணல் குன்று குன்றாய்க் குவிந்து கிடக்கும் தேரிக்காட்டைக் காணலாம். மாலைவெயிலில் அது தழலின் நிறம் கொள்ளும். காப்புக்காடாகையால் பார்த்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். மாசிக் கடைசியில் போனால் பனையடியிலேயே பதநீர் கிடைக்கும். கடைசி இரவை மணப்பாட்டில் வைத்துக்கொள்ளும்படி சிபாரிசு செய்கிறேன். புனித சவேரியார் 1542-இல் வந்து தங்கி ஜெபித்ததாகச் சொல்லப்படும் குகையும், மணல்மேட்டின்மேல் திருச்சிலுவைக் கோயிலும், அடியில் வளைந்து கிடக்கும் கடலுமாக அந்த ஊர் இருக்கிறது. அனுமதி கேட்கப் பங்குத்தந்தையிடம் போக வேண்டும்.

அங்கிருந்து உவரி, கூடங்குளம் வழியே குமரிமுனை ஒரு காலைப்பொழுதில் வந்துவிடும். கூடங்குளத்தில் அணுமின் நிலையத்தின் அருகே வண்டியை நிறுத்துவதும் படம் எடுப்பதும் ஆகாது. குமரியில் கூடாரத்துக்கு இடம் தேட வேண்டாம். அங்கே விடுதிகளுக்குக் குறைவில்லை, உடம்பும் ஒரு கட்டிலைக் கேட்கும். வந்த வழியே திரும்பி ஓட்ட அவகாசம் இல்லாதவர்கள் நாகர்கோவில் ரயில் நிலையத்தில் வண்டியைப் பார்சலாகப் பதிந்து சென்னைக்கு அனுப்பிவிடலாம். அதற்குப் பெட்ரோலை முழுவதும் வடித்துவிட வேண்டும். பதிவுச் சான்றின் நகலும் அடையாளச் சீட்டின் நகலும் வேண்டும். கண்ணாடிகளைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, டாங்கியையும் விளக்கையும் சாக்கு வைத்துக் கட்டச் சொல்ல வேண்டும். கட்டுகிறவர்கள் நிலையத்து வாசலிலேயே இருப்பார்கள். ரயில் புறப்படுவதற்குப் பல மணி நேரம் முன்னதாகவே போய்விட்டால் அதே ரயிலில் ஏற்றிவிடுவார்கள்.